வரட்டுங்களா?

மணி மூன்று. ராத்திரி மூன்று இல்லை... பட்டப்பகல் மூன்று.

ரோடும் நம் ரோடு இல்லை. எங்கேயோ கரீபியன் கடலில் ஒரு தீவு. குவாதலூப் என்று பெயர். எரிமலைச் சரிவிலிருந்து கடற்கரைக்கு இறங்குகிற ஒற்றை ரோடு. நம் குட்டிக்கானம் இறக்கம் மாதிரியே இரண்டு பக்கமும் காடு, பாசி, ஈர வாசனை. எதிரே ஒரு வண்டி கிடையாது. சுற்றுலாக்காரர்களை ஏற்றிய ஒரு சின்ன பஸ் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. அதன் கடைசி சீட்டில் பாசில்.

மிக்கேல்ராஜ், அந்த விளக்கைக் கொஞ்சம் தணித்து வை. கரண்ட் இனி காலையில்தான். மண் சரிந்ததை அள்ளி ரோட்டைத் திறந்துவிடவும் காலை ஆகும். தமிழ்ப்ரியா, பயமாக இருந்தால் இப்போதே சொல்லிவிடு. பாதியில் நிறுத்தச் சொல்லக் கூடாது.

வேலந்தாவளம் முஸ்தபாவை உங்களுக்குத் தெரியும். தேயிலைத்தூள் எடுக்க மாதம் ஒருமுறை பீர்மேடு ஏறி வருவான், என் ஜீப்பில்தான் எஸ்டேட் எஸ்டேட்டாகச் சுற்றுவான். அவன் தங்கை ரஜீனா. அவள் வீட்டுக்காரன்தான் பாசில். வேலந்தாவளத்தை ஒட்டின எருத்தேன்பதிப் பக்கம் வீடு, கோயம்புத்தூர் தாண்டிக் கேரள எல்லையில். எட்டு வருடமாகச் சுற்றுலாக் கப்பலில் வேலை. சலவைப் பிரிவு. கப்பலின் அடிவயிற்றில், ஜன்னல் இல்லாத அறையில், மூவாயிரம் பேரின் படுக்கை விரிப்பைத் துவைத்துத் தேய்த்து மடிக்கிற வேலை.

கப்பல் எத்தனையோ தீவுகளில் நிற்கும். இவன் ஒன்றிலும் இறங்கிப் பார்த்ததில்லை. அன்றைக்குச் சுற்றிப் பார்க்கப் பணம் கட்டிய யாரோ வரவில்லை. காலி சீட்டில் நீ போய்வா என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். தீவின் இயற்கையும் சரித்திரமும், ஒரு பகல் முழுக்க. பாசிலோடு சேர்த்துப் பதினான்கு பேர்.

காலையில் அருவி. பிறகு எரிமலை அடிவாரத்தில் கந்தக வாசம் அடிக்கிற வெந்நீர் ஊற்று. பிறகு கொக்கோத் தோட்டம். மத்தியானச் சாப்பாட்டுக்கு மஞ்சளும் மல்லியும் மணக்க மீன் வைத்தார்கள். இதற்கு இங்கே கொலம்போ என்று பேர் என்றாள் வழிகாட்டிப் பெண். பாசில் ஒரு வாய் வைத்தான். குழம்பு!

அந்தப் பெண்ணின் பெயர் மார்லேன். முழுப் பெயர் மார்லேன் சினத்தாம்பி. சின்னத்தம்பிதான் அப்படி ஆகியிருந்தது. அவளுக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. அவளுடைய முன்னோர் நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் கரும்பு வெட்ட நம் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தவர்கள். ஐந்து வருட ஒப்பந்தம். முடிந்ததும் திருப்பி அனுப்புவோம் என்று வாக்குக் கொடுத்துத்தான் ஏற்றினார்களாம். பெரும்பாலானவர்கள் திரும்பவே இல்லை. மார்லேன் இதையெல்லாம் தினமும் சொல்லுகிறவள். சிரித்த முகமாகவே சொல்லிக்கொண்டு வந்தாள்.

கடைசி இடம், இடிந்த சர்க்கரை ஆலை.

புகைபோக்கி மட்டும் முழுசாக நின்றது. சுவரையெல்லாம் மரத்தின் வேர் கவ்விப் பிடித்திருந்தது. ஆலைக்குப் பின்னால் கூலிக்காரர்கள் இருந்த லயம். வரிசையாகப் பதினைந்து இருபது அறை. எதற்கும் கூரை இல்லை. மற்றவர்கள் புகைபோக்கியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாசில் அசர் தொழுகைக்குக் கை கால் கழுவலாம் என்று தண்ணீர் தேடி லயத்துப் பக்கம் போனான்.

முதலில் வாசனை வந்தது. வெல்லப்பாகு கொதிக்கிற வாசனை. அந்த ஆலை ஓடி நூறு வருடம் ஆகிறது.

பிறகு சத்தம். ஸ்ர்... ஸ்ர்... டப். ஸ்ர்... ஸ்ர்... டப். முறத்தில் புடைக்கிற சத்தம்.

கடைசி அறையின் படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இவனுக்கு முதுகு காட்டி. இருபது இருபத்திரண்டு வயது இருக்கும். ஈரத் தலை. மடியில் முறம். முறத்தில் ஒன்றுமில்லை.

திரும்பாமலே கேட்டாள்.

“ஏனுங்க... ஊருக்குங்களா?”

“ஆமாங்க, அடுத்த மாசம்” என்றான் பாசில். யோசிக்கவே இல்லை. நம் ஊர்ப் பேச்சில் ஒருவர் கேட்டால் வாய் தானாகப் பதில் சொல்லிவிடும் இல்லையா?

“எந்தூருங்க?”

“வேலந்தாவளமுங்க.”

முறம் நின்றது. காட்டுப் பூச்சி கூடக் கத்தவில்லை.

“நானும் அந்தப் பக்கந்தானுங்க” என்றாள். பிறகு மெதுவாக... “வரட்டுங்களா?”

இதைக் கவனியுங்கள். வரட்டுமா என்று எப்போது கேட்போம்? விடைபெறும்போது கேட்போம். கூட வருவதற்கும் அதையேதான் கேட்போம். வேலை இருக்கிறது, எழுந்து போகிறாள் போல என்று நினைத்துக்கொண்டான் பாசில். மரியாதையாக, “செரிங்க, வாங்க” என்று சொல்லிவிட்டான்.

சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குழாயைத் தேடி நாலு எட்டு நடந்தான். அப்போதுதான் உறைத்தது. இந்தத் தீவில்... நம் ஊர்த் தமிழா?

திரும்பினான். படியில் ஆள் இல்லை. படிக்கு முன்னால் முழங்கால் உயரப் புல். ஒரு புல்கூட மடங்கவில்லை.

பஸ்ஸுக்கு ஓடினான். டிரைவர் தலை எண்ணிக்கொண்டிருந்தார். பதினைந்து. மறுபடி எண்ணினார். பதினைந்து. மூன்றாவது தடவை எண்ணிவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு வண்டியை எடுத்தார்.

பாசில் மார்லேனிடம் எல்லாவற்றையும் சொன்னான், தனக்குத் தெரிந்த இங்கிலீஷில். அவள் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்புப் போனது. இங்கே தமிழ் பேசின கடைசி ஆள் என் பாட்டி பிறப்பதற்கு முன்பே செத்தாயிற்று என்றாள். துறைமுகத்தில் இறங்கும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று மட்டும் சொன்னாள். கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டாய். கொண்டுபோய்ச் சேர்த்துவிடு. நடுவழியில் விட்டுவிடாதே.

அன்று ராத்திரி கப்பல் புறப்படும்போது சங்கு ஊதியது. பாசிலின் அறையில் அவனோடு தங்கியிருந்தவன் ஜின்சன், நம் கட்டப்பனைப் பையன். அவன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, “ஆராடா கரையுன்னது?” என்றான். யார் அழுகிறது என்று. பாசிலுக்கும் கேட்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து... விம்மி விம்மி.

ஒரு வாரம்தான். அறையில் பாகு வாசனை தாங்க முடியவில்லை என்று ஜின்சன் வேறு அறைக்கு மாறிக்கொண்டான். மிச்சமிருந்த நாட்களைப் பாசில் விளக்கை அணைக்காமல் கழித்தான். ஒப்பந்தம் முடிந்து விமானம் ஏறினால், நிறைந்த விமானத்தில் இவன் பக்கத்து சீட்டு மட்டும் காலி. சாப்பாடு கொண்டுவந்த பெண் அந்த சீட்டுக்கும் ஒரு தட்டு வைத்துவிட்டுப் போனாள். இவன் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் கேட்கவில்லை.

கோயம்புத்தூர் விமான நிலையத்துக்குக் கார் கொண்டுபோனது முஸ்தபா. இதற்கு மேல் அவன் கண்ணால் கண்டது.

“மாப்ள, ஏனிப்படி எளச்சுப் போயிட்டீங்க?” என்று கேட்டானாம். பாசில் பின்கதவைத் திறந்து, கொஞ்சம் பொறுத்து, தானே மூடினான். பெட்டி டிக்கியில் இருந்தது. பின்சீட்டில் வைக்க ஒன்றுமில்லை.

எல்லைச் செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் டார்ச் அடித்தார். முஸ்தபா முகத்தில், பாசில் முகத்தில், பிறகு பின்சீட்டில். வெளிச்சம் அங்கேயே நின்றது.

“பின்னில் இரிக்குன்ன பெண்ணு ஆரா?”

முஸ்தபா கண்ணாடியில் பார்த்தான். காலி சீட்டு. ஆனால் சீட்டின் நடுவில் மெத்தை அமுங்கியிருந்தது.

“சொந்தக்காரங்கதானுங்க சார்” என்றான் பாசில்.

செக்போஸ்ட் தாண்டி, ஆற்றுப் பாலத்துக்கு இப்பால் காரை நிறுத்தச் சொன்னான். இறங்கிப் பின்கதவைத் திறந்தான். “ஊரு வந்துருச்சுங்க. எறங்கிக்குங்க” என்றான். இருட்டு. தென்னந்தோப்பில் காற்று. ரொம்ப நேரம் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

பிறகு இரண்டு பேருக்கும் கேட்டது. காருக்குள்ளிருந்து.

“இது இல்லீங்க... எங்கூடு எங்கீங்க?”

என்ன செய்வார்கள்? வீட்டுக்குத்தான் போனார்கள்.

பாசிலுக்கு ஒரே மகள், ரஸியா. நாலு வயசு. வாயாடி. அப்பன் வந்து மூன்றாம் நாள், மத்தியானம் மூன்று மணிக்கு, அடுப்படிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அம்மாவின் முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றுமில்லாத முறத்தைப் புடைக்க ஆரம்பித்தாள். ஸ்ர்... ஸ்ர்... டப். கூப்பிட்டால் திரும்பவில்லை. பொழுது இறங்கியபிறகுதான் எழுந்து வந்தாள்.

மறுநாளும் அதே மூன்று மணி. அதற்கு அடுத்த நாளும். சோறு இறங்கவில்லை. காய்ச்சல். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து ஓதினார். ஓதி முடித்து, “இது கெடுக்க வந்தது இல்லீங்க. வழி தெரியாம நிக்குது” என்றார். “ஆனா புள்ளைக்குத் தாங்காது. சீக்கிரம் பாருங்க.”

அன்றைக்குத்தான் பாசில் ரஜீனாவிடம் நடந்ததை வாய்விட்டுச் சொன்னான்.

ரஜீனாவை எனக்குத் தெரியும். சத்தம் போட்டுப் பேசாத பெண். முழுக்கக் கேட்டுவிட்டு, “என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்க” என்றாளாம். அவ்வளவுதான். மறுநாள் மூன்று மணிக்கு மகள் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தாள். மகளைப் பார்க்கவில்லை. மகளுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

“உம்பட பேரென்ன? ஊட்டுக்கு அடையாளம் சொல்லு. நாங்க கொண்டாந்து வுடறோம்.”

முறம் நின்றது. ரஸியா வாய் திறந்தாள். குரல் அவளுடையதுதான். பேச்சு அவளுடையது இல்லை.

“நாச்சாளுங்க... ஆத்துக்கு மேக்கால... கல்லுக்கட்டுக் கெணறு... கெணத்துமேட்டுல வேம்பும் அரசும் பின்னிக் கெடக்குமுங்க. எங்கண்ணன் சந்தைக்குக் கூட்டிட்டு வந்துச்சு. இவிங்ககூடப் போ, நானே வந்து கூட்டிக்கறேன்னுச்சு. வரவே இல்லீங்க...”

நூற்றைம்பது வருடத்தில் கிணறு இருக்குமா, மரம் இருக்குமா? முஸ்தபா கடைக்கு வருகிற ஒவ்வொருவரையும் விசாரித்தான். ஐந்து நாள். பிள்ளை அதற்குள் எலும்பும் தோலுமாகிவிட்டாள். ஐந்தாம் நாள் தேங்காய் வெட்டுகிறவர் ஒருவர் சொன்னார். மரம் போய்விட்டது, ஆனால் ஒரு கல்லுக்கட்டுக் கிணற்று மேட்டில் வேம்பும் அரசும் ஒன்றாகப் பின்னின மொட்டை அடிமரம் இன்னும் கிடக்கிறது. அழகுமலைத் தோட்டத்தில்.

அழகுமலைக்கு அறுபது வயசு. எட்டு ஏக்கர் தென்னை. முஸ்தபா கடை வாடிக்கை. முஸ்தபா முதலில் தனியாகப் போய்ப் பார்த்தான். நாச்சாள் என்ற பெயரைச் சொன்னதும் அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“இந்தப் பேரு உங்களுக்கு எப்படித் தெரியுமுங்க?” என்றார். “எங்கூட்டுல இந்தப் பேரை ஒருத்தருக்கும் வெக்கறதில்ல. எங்க பாட்டனுக்குப் பாட்டன் கூடப்பொறந்தவ. கட்டிக்குடுத்த எடத்துல ஆகாம திரும்பி வந்துட்டா. வெச்சுக் காப்பாத்த மனசில்லாம, ஆள் புடிக்க வந்தவன்கிட்டச் சந்தையில தள்ளி வுட்டுட்டு வந்துட்டாங்க. காணாமப் போயிட்டான்னு ஊருக்குச் சொல்லிட்டாங்க.”

முஸ்தபா நடந்ததைச் சொன்னான். ஒரே ஒரு வார்த்தை போதும் என்றான். வாசலில் நின்று, வா என்று அந்த வீட்டு ஆள் சொல்ல வேண்டும்.

அழகுமலை அப்போது முடியாது என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் கார் போனது. முஸ்தபா ஓட்டினான். பக்கத்தில் பாசில். பின்னால் ரஜீனா, மடியில் பிள்ளை. அவர்களுக்குப் பக்கத்தில் இடம் விட்டிருந்தார்கள். கார் முழுக்கப் பாகு வாசனை. தோட்டத்துக் கேட் வந்ததும் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தாள். கிணற்று மேட்டைப் பார்த்தாள். சிரித்தாள்... முஸ்தபா என்னிடம் சொன்னான், அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது என்று.

ரஜீனா இறங்கிக் கதவை அகலத் திறந்து வைத்தாள்.

அழகுமலை வாசல்படியில் நின்றிருந்தார். பின்னால் அவர் மனைவி செல்வலட்சுமி. ஜன்னலில் மருமகளின் முகம்.

“ஊடு வந்துருச்சுங்க” என்றான் பாசில், யாரையும் பார்க்காமல்.

கேட்டிலிருந்து வாசல்வரை புழுதி. அதில் கால் தடம் ஒவ்வொன்றாக விழுந்தது. ஈரக் கால். சின்னக் கால். வாசலுக்கு நாலடி முன்னால் நின்றது.

“கூப்புடுங்க” என்றாள் ரஜீனா.

அழகுமலை உதடு அசைந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“எம்மருமக முழுகாம இருக்கறா...” என்றார். “ஏழு வருசம் கழிச்சு. இதைய எப்படிங்க நான் உள்ள கூப்புடுவேன்? நாங்க பண்ணுனதுங்களா? எவனோ எப்பவோ பண்ணுனதுங்க.”

“ஒரே வார்த்தைங்க” என்றான் பாசில்.

“ஏனுங்க, ஒரு வார்த்தை சொல்லிருங்களேன். பாவம், பொம்பளப் புள்ள” என்றார் செல்வலட்சுமி.

அவர் தலையை ஆட்டினார். மனைவியை உள்ளே தள்ளினார். தானும் போனார். கதவு சாத்துகிற சத்தம். மேல் தாழ்ப்பாள்... கீழ்த் தாழ்ப்பாள்.

புழுதியில் அந்தத் தடம் அப்படியே இருந்தது. பிறகு மெதுவாக, குதிகால் இருந்த பக்கம் விரல் வந்தது. இவர்களைப் பார்த்துத் திரும்பிவிட்டது.

பாசில் வாயைத் திறந்தான். மறுபடி வாங்க என்று சொல்லப்போகிறான் என்று ரஜீனாவுக்குத் தெரிந்துவிட்டது. இடுப்பில் பிள்ளையோடு பாய்ந்து போய் அவன் வாயைப் பொத்தினாள். அவ்வளவு அழுத்திப் பொத்தினாள், உதடு பல்லில் கிழிந்து ரத்தம் வந்தது.

“மன்னிச்சுரு தாயி” என்றாள் அந்தத் தடத்தைப் பார்த்து. “எனக்கு எம்புள்ள வேணும்.”

காரில் ஏறினார்கள். கதவை மூடினாள். காருக்குள் பாகு வாசனை இல்லை. வீட்டுக்கு வந்ததும் ரஸியா பசிக்கிறது என்றாள். இரண்டு தோசை தின்றாள். அதற்கப்புறம் அந்த முறத்தை அவள் தொடவே இல்லை.

பாசில் கப்பலுக்குத் திரும்பவில்லை. முஸ்தபா கடையில்தான் இப்போது நிற்கிறான். சேர்த்துவிட்டாயா என்று மார்லேன் போனில் எழுதிக் கேட்டாளாம். வாசல்வரை கொண்டுபோனேன் என்று பதில் அனுப்பினான்.

தமிழ்ப்ரியா கேட்கிறாள், அப்புறம் அந்தப் பெண் எங்கே போனாள் என்று. அது யாருக்கும் தெரியாது.

ஆனால் அழகுமலையை நான் பார்த்தேன். போன மாதம். முஸ்தபாவோடு சாமான் கொடுக்கப் போயிருந்தேன், பாசிலும் வந்தான். தோட்டம் நன்றாக இருக்கிறது. மருமகளுக்கு ஆண் குழந்தை, கொழு கொழு என்று. கிணற்றில் நல்ல தண்ணீர். ஒரு கெடுதலும் இல்லை.

அவர் மட்டும் வீட்டுக்கு வெளியே, மாட்டுக் கொட்டகைப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அன்று கதவைச் சாத்தினதற்கு மறுநாள் காலையிலிருந்து உள்ளே வருவதே இல்லையாம். ஏதோ பேசினார். தமிழ் இல்லை, மலையாளம் இல்லை. பாசில் முகம் வெளுத்துப் போனதைப் பார்த்தேன். எட்டு வருடம் கப்பலில் கூட வேலை பார்த்த தீவுக்காரர்கள் பேசின பிரெஞ்சு அவனுக்குத் தெரியாதா?

“என்ன சொல்றாருங்க?” என்று செல்வலட்சுமி கேட்டார்.

“பேரைக் கேட்டா ஒரு நம்பரைச் சொல்றாருங்க” என்றான் பாசில். “து சான் செஸ்... எரநூத்திப் பதினாறு.”

அதற்குமேல் அவன் சொல்லவில்லை. திரும்பி வரும்போது காரில்தான் எங்களுக்குச் சொன்னான். கரும்புத் தோட்டத்துக்கு வந்த கூலிக்காரர்களுக்கு எல்லாம் அந்தக் காலத்தில் ஒரு நம்பர் உண்டாம்.

நாங்கள் கிளம்பும்போது சாப்பாட்டு நேரம். செல்வலட்சுமி தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். “ஏனுங்க, சாப்புட வாங்க” என்று இரண்டு தடவை கூப்பிட்டார். அவர் திரும்பவே இல்லை. அந்த அம்மா எங்களைப் பார்த்துக் கொஞ்சம் கூச்சப்பட்டார். பிறகு பழகின வாயால், ஒரு சுருதியும் பிசகாமல், அந்தப் பாஷையிலேயே கூப்பிட்டார்.

“து சான் செஸ்!”

அழகுமலை சட்டென்று எழுந்தார். தலையைக் குனிந்துகொண்டு, இரண்டு கையையும் நீட்டியபடி நடந்து வந்தார்.